லேயிலிருந்து அகத்திக்கு: நான்கு மணி நேரத் தொலைவும் இரண்டு நாள் பயணமும்

இந்திய வரைபடத்தின் உச்சியில், சிந்து நதிக்கரையில் லடாக்கின் லே நகரம் இருக்கிறது. அதே வரைபடத்தின் கீழ்ப்பகுதியில், கேரளக் கரைக்கு மேற்கே அரபிக்கடலில் சிறு புள்ளிகளாக இலட்சத்தீவுகள் தெரியும். அவற்றுள் ஒன்று அகத்தி. பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கீரைதான் நினைவுக்கு வரும். ஆயினும் இது இலட்சத்தீவுகளின் ஒரே விமான நிலையத்தைத் தாங்கி நிற்கும் தீவு. லே விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில் உள்ளது. அகத்தி விமான நிலையத்தின் உயரமோ ஏறத்தாழ 4 மீட்டர்தான்.

இவ்விரண்டுக்கும் இடையிலான வான்வழித் தொலைவு எவ்வளவு, பறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கணினியைக் கேட்டால் நொடியில் விடை வரும். தொலைவு ஏறத்தாழ 2,650 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நான்கு மணிக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் சரியான கணக்குகளே. ஆனால் அந்த விமானம் இல்லை. லேயில் காலையில் புறப்படும் ஒருவர் அகத்தியில் கால் வைப்பது பெரும்பாலும் மறுநாள்தான். நான்கு மணி நேரம் எவ்வாறு இரண்டு நாள்களாக நீள்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பயணத்தைத் திட்டமிடுவோர் பயணச்சீட்டுப் பணத்தையும், அனுமதி பெற்ற நாள்களையும், சில வேளைகளில் மருத்துவர் குறித்துக் கொடுத்த நேரத்தையும் இழக்கிறார்கள்.

முதலில் தொலைவு. உருண்டையான புவியின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழியைப் பெருவட்டப் பாதை என்பர். அதைத் துல்லியமாகக் கணக்கிடக் கோணவியல் வேண்டும். தோராயமாக அறியப் பள்ளிக் கணக்கே போதும். லேயின் அட்சரேகை 34.14 பாகை, அகத்தியினுடையது 10.82 பாகை. வேறுபாடு 23.3 பாகை. ஒரு பாகை அட்சரேகை 60 கடல்மைல் ஆகும்; ஒரு கடல்மைல் 1,852 மீட்டர். ஆகவே வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் தொலைவு ஏறத்தாழ 2,590 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் அகத்தி 5.4 பாகை மேற்கே விலகியிருக்கிறது. அது ஏறத்தாழ 550 கிலோமீட்டர். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு கர்ணத்தைக் கண்டால் 2,650 கிலோமீட்டர் கிடைக்கும். எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளை இதைச் செய்து பார்க்கச் சொல்லலாம்.

அந்தக் கோட்டின் வழியே ஒரு விமானம் உண்மையிலேயே பறந்தால் அது காணும் ஊர்கள் சுவையானவை. இமாசல மலைகளைத் தாண்டிச் சண்டிகருக்கு அருகே சமவெளியில் இறங்கும். டெல்லியை நூறு கிலோமீட்டர் கிழக்கே விட்டுவிட்டு ஜெய்ப்பூருக்கு மேலே செல்லும். ரத்லாம், நாசிக், புணே ஆகிய ஊர்களை ஒட்டிக் கடந்து, இரத்தினகிரிக்குத் தெற்கே கொங்கணக் கரையை விட்டுக் கடலுக்குள் நுழையும். நாட்டின் மிகப் பெரிய விமான நிலையங்கள் சிலவற்றுக்கு அருகிலேயே செல்லும் பாதைதான். ஆனால் இரு முனைகளிலும் உள்ள ஓடுபாதைகள் ஒரே விமானத்தை ஏற்காதவை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மெல்லிய காற்றும் காலை நேரமும்

லேயின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. விமானத்தின் இறக்கை அதே எடையைத் தாங்க வேண்டுமானால், மெல்லிய காற்றில் இன்னும் விரைவாக ஓடியாக வேண்டும். 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு கோடைக் காலையில் கடல்மட்டத்தைக் காட்டிலும் ஏறத்தாழ 23 விழுக்காடு கூடுதல் வேகம் தேவைப்படும். வேகம் அவ்வளவு கூடினால், அதே முடுக்கத்தில் அந்த வேகத்தை எட்டத் தேவைப்படும் தொலைவு பாதிக்குப் பாதி கூடிவிடும். போதாததற்கு இயந்திரத்தின் உந்துவிசையும் மெல்லிய காற்றில் குறைகிறது. ஆகவே முடுக்கம் தளர்ந்து ஓட்டம் இன்னும் நீள்கிறது. லேயின் ஓடுபாதை ஏறத்தாழ 2,750 மீட்டர் நீளம் கொண்டது. கடல்மட்டத்தில் அது தாராளமானது. இங்கே அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது.

வெயில் ஏற ஏறக் காற்று இன்னும் விரிந்து மெலிகிறது. 2024 ஜூலை இறுதியில் லேயில் வெப்பம் வழக்கத்தை மீறி உயர்ந்தபோது விமானங்கள் பல ரத்து செய்யப்பட்டன. பனியால் விமானம் நிற்கும் என்பதை எல்லோரும் அறிவர். வெயிலாலும் நிற்கும் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

பிற்பகலில் பள்ளத்தாக்கு வழியே வலுத்த மலைக்காற்று வீசத் தொடங்கும். சுற்றிலும் மலைகள் சூழ்ந்திருப்பதால் விமானங்கள் வழக்கமாக ஒரு பக்கமிருந்தே வந்து இறங்கி, வந்த பக்கம் நோக்கியே ஏற வேண்டியுள்ளது. காற்று எத்திசையில் வீசினாலும் ஓடுபாதையின் மறுமுனையைப் பயன்படுத்திக்கொள்ளும் வசதி சமவெளி விமானிகளுக்கு உண்டு. இங்கே அது இல்லை. இக்காரணங்களால் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலை வேளையிலேயே வந்து போய்விடுகின்றன. காலை விமானம் டெல்லியில் மூடுபனியால் தாமதமானால், அது பிற்பகலில் வந்து சேரும் என்று எண்ணிவிட இயலாது. அன்றைய வாய்ப்பு அத்துடன் முடிந்துவிடும்.

இந்த ஓடுபாதை பிறந்த கதையையும் இவ்விடத்தில் சொல்லிவிடுவது பொருந்தும். 1948-இல் லே பகைப்படையின் முற்றுகை அச்சத்தில் இருந்தபோது, சோனம் நோர்பு என்னும் லடாக்கியப் பொறியாளர் உள்ளூர் மக்களைத் திரட்டி, சிந்து நதியோரத்தில் ஒரு மண் ஓடுபாதையைச் சமன்படுத்தினார். அவ்வாண்டு மே 24 அன்று ஏர் கமோடோர் மெஹர் சிங் ஒரு டக்கோட்டா விமானத்தை அதில் இறக்கினார். அந்த விமானத்தில் காற்றழுத்தம் காக்கும் அறையும் இல்லை, இறக்கையில் பனி படியாமல் தடுக்கும் கருவியும் இல்லை. உடன் பயணித்தவர் மேஜர் ஜெனரல் திம்மய்யா. அதன்பின் வான்வழியே வந்திறங்கிய படைகளே லேயைக் காத்தன. இன்று அந்நகரின் பெரிய அரசு மருத்துவமனை சோனம் நோர்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கு முடியாத சிகிச்சைக்காக நோயாளிகள் ஸ்ரீநகருக்கோ சண்டிகருக்கோ டெல்லிக்கோ புறப்பட வேண்டுமானால், அவர் அமைத்த விமானத் தளத்தையே நாட வேண்டும். சோஜி லா கணவாய் பனியால் மூடப்படும் குளிர்காலத்தில் வேறு வழி மிக அரிது. 2020-இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை ரோதாங் கணவாயைத் தவிர்க்க உதவுகிறது; அதற்கு அப்பாலுள்ள உயர்ந்த கணவாய்கள் இன்னும் பனியின் பிடியில்தான் இருக்கின்றன.

1,204 மீட்டர்

மறுமுனையில் நிலைமை தலைகீழ். அகத்தியில் காற்றுக்குக் குறைவில்லை, நிலத்துக்குத்தான் குறைவு. சில கிலோமீட்டர் நீளமே உள்ள ஒடுங்கிய பவளத்தீவின் தென்முனையில், இருபுறமும் கடல் தெரிய, 1988-இல் திறக்கப்பட்ட ஓடுபாதை கிடக்கிறது. நீளம் 1,204 மீட்டர். தொடக்கத்தில் சிறிய டோர்னியர் விமானங்கள் வந்தன. இப்போது ஏ.டி.ஆர். வகை விமானங்கள் வருகின்றன. இயந்திரத்தின் முன்னே பெரிய விசிறி சுழல, குறைந்த வேகத்தில் ஏறி இறங்க வல்ல விமானங்கள் அவை. எழுபது பேருக்கு மேல் அமரக்கூடிய ஏ.டி.ஆர்.-72 கூட இங்கிருந்து முழுச் சுமையுடன் கிளம்ப இயலாது. சில இருக்கைகளை வெறுமையாக விட்டோ, சரக்கைக் குறைத்தோதான் ஏறும். லேக்குப் பறக்கும் ஏர்பஸ், போயிங் ஜெட் விமானங்களுக்கு இந்த 1,204 மீட்டர் போதவே போதாது. ஓடுபாதையை நீட்டிக்கும் திட்டம் நீண்ட காலமாகப் பேசப்பட்டு வருகிறது. பவளப்பாறைகளின் மேல் நிலம் அமைப்பது எளிய செயலன்று.

ஆக, லேயில் ஏறிய விமானம் அகத்தியில் இறங்காது. எங்கேனும் ஓரிடத்தில் விமானம் மாறியே தீர வேண்டும். நடைமுறையில் இரண்டு இடங்களில் மாற வேண்டியிருக்கிறது. லேயிலிருந்து டெல்லி ஏறத்தாழ 620 கிலோமீட்டர். ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம். டெல்லியிலிருந்து கொச்சி ஏறத்தாழ 2,050 கிலோமீட்டர். மூன்றேகால் மணி நேரம். கொச்சியிலிருந்து அகத்தி ஏறத்தாழ 470 கிலோமீட்டர்தான். எனினும் ஏ.டி.ஆர். மணிக்கு 500 கிலோமீட்டர் அளவிலேயே பறப்பதால் அதற்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. மொத்தம் 3,140 கிலோமீட்டர். நேர்க்கோட்டைக் காட்டிலும் 490 கிலோமீட்டர் மட்டுமே சுற்று. வானில் இருக்கும் நேரம் ஆறு மணி. மீதி அத்தனையும் தரையில் கழிகிறது.

அகத்தியில் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே இயங்குகின்றன. கொச்சியிலிருந்து புறப்படும் விமானங்கள் பெரும்பாலும் முற்பகலுக்குரியவை. லேயிலிருந்து காலையில் கிளம்பியவர் எவ்வளவு விரைந்தாலும் கொச்சியை அடையும்போது பிற்பகலோ மாலையோ ஆகிவிடும். அகத்தி விமானம் அதற்குள் போய்த் திரும்பியிருக்கும். எனவே இரவு கொச்சியில். கால அட்டவணைகள் பருவந்தோறும் மாறுபவை. ஆயினும் இந்த ஓர் இரவைத் தவிர்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

இந்நாட்டில் லேயிலிருந்து அகத்திக்கு யார் செல்லப் போகிறார்கள் என்று கேட்கலாம். லடாக்கும் இலட்சத்தீவுகளும் ஒன்றிய ஆட்சிப் பகுதிகள். இரண்டின் உயர் அலுவலர்களும் ஒரே இந்திய ஆட்சிப்பணிப் பிரிவைச் சேர்ந்தவர்கள். இங்கிருந்து அங்கே மாற்றல் ஆணை வருவது வியப்பன்று. படைவீரர்கள், வானிலை மற்றும் தொலைத்தொடர்புப் பணியாளர்கள், அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் என்று பட்டியல் நீளும். விடுமுறைப் பயணச் சலுகையில் ஒரே ஆண்டில் மலையையும் தீவையும் பார்த்துவிட விரும்புவோரும் உண்டு. அவர்களுக்கு நம் அறிவுரை, இரண்டையும் ஒரே பயணத்தில் அடக்க முயல வேண்டாம் என்பதே.

கைப்பணமும் கவனமும்

பணத்தைப் பொறுத்தவரை, இத்தகைய பயணங்களில் மிகுதியான இழப்பு நேர்வது இணைப்பில்தான். மூன்று விமானங்களையும் ஒரே முன்பதிவில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாட்டை விமான நிறுவனம் செய்து தரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தனித்தனிச் சீட்டுகளாக வாங்கியிருந்தால், இரண்டாவது விமானத்தைப் பொறுத்தவரை தாங்கள் வராத பயணி, அவ்வளவே. கொச்சி–அகத்திச் சீட்டைப் பல வேளைகளில் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். அப்போது கொச்சியில் ஓர் இரவு அல்ல, இயன்றால் இரண்டு இரவுகள் இடைவெளி விடுவது நல்லது. விடுதி வாடகை வீண் செலவாகத் தோன்றலாம். ஆனால் இருக்கைகளைக் குறைத்துப் பறக்கும் ஒரு விமானத்தில், தவறவிட்ட இடத்துக்குப் பதிலாக மறுநாளே இன்னோர் இடம் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

வானிலையால் விமானம் ரத்தானால் கட்டணத்தைத் திரும்பப் பெறவோ மாற்று விமானத்தில் செல்லவோ பயணிக்கு உரிமை உண்டு. இழப்பீடு கோர இயலாது. லேயிலும் அகத்தியிலும் ரத்துகளுக்குப் பெரும்பாலும் வானிலையே காரணம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது, வானிலையால் நேரும் தாமதமும் இணைப்பு விமானத்தைத் தவறவிடுதலும் அதில் அடங்குமா, எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பின் அது செயல்படும் என்ற இரண்டு வரிகளைத் தேடிப் படித்துவிட்டே கையொப்பமிடுங்கள். கடன் அட்டைகளுடன் வரும் காப்பீட்டிலும், அந்த அட்டையைக் கொண்டே சீட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கலாம்.

இலட்சத்தீவுகளுக்குள் நுழைய, தீவைச் சாராத இந்தியக் குடிமக்களும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதிக்கு நாள் வரம்பு உண்டு. லேயில் ஒரு நாள் தங்க நேர்ந்தால் அனுமதியில் ஒரு நாள் கரையும். அதையும் சேர்த்தே தேதிகளைக் கேட்டுப் பெறுங்கள்.

இன்னொரு சிறு செய்தி. சிறிதெனினும் பலரைத் திகைக்க வைப்பது. பிற மாநிலங்களில் வாங்கிய முன்கட்டண சிம் அட்டைகள் லடாக்கில் இயங்குவதில்லை. பேச முடியாது என்பதோடு இது முடிவதில்லை. வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் வந்து சேராது. லேயில் நின்றுகொண்டு, ரத்தான விமானத்துக்குப் பதிலாக வேறு சீட்டு வாங்க முனையும்போதுதான் இதன் வலி தெரியும். பின்கட்டண இணைப்பு ஒன்று குடும்பத்தில் ஒருவரிடமேனும் இருக்கட்டும். சில நாள் செலவுக்கான ரொக்கமும் இருக்கட்டும். இலட்சத்தீவுகளில் நிலை முன்னேறியுள்ளது. கொச்சியிலிருந்து கடலடி வழியே இடப்பட்ட ஒளியிழை வடம் 2024 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன.

இருக்கைகள் வெறுமையாகப் பறக்கும் விமானத்தின் செலவை யார் ஏற்கிறார்கள்? ஒரு பகுதியை நாம் எல்லோரும் ஏற்கிறோம். பெருநகரங்களுக்கிடையே வருவாய் மிக்க தடங்களில் பறக்கும் நிறுவனங்கள், வடகிழக்கு மாநிலங்கள், ஜம்மு–காஷ்மீர், லடாக், அந்தமான், இலட்சத்தீவுகள் போன்ற பகுதிகளுக்கும் குறிப்பிட்ட அளவு சேவை அளிக்க வேண்டும் என்ற விதி 1994 முதல் நடைமுறையில் உள்ளது. 2016-இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டம், சிறு ஊர்த் தடங்களில் நேரும் இழப்பை ஈடுகட்டும் நிதிக்காகப் பெருந்தடங்களில் ஒரு தீர்வை விதிக்கிறது. மும்பைக்கோ டெல்லிக்கோ செல்லும் நம் கட்டணத்தில் ஒரு சிறு துளி அவ்வாறு தொலைதூரத்துக்குப் போகிறது. இதைச் சலுகை என்று கருத நமக்கு மனம் வரவில்லை. மலைக்கிராமத்துக்குச் சாலை போடும்போது அச்சாலையில் வண்டிகள் எத்தனை ஓடும் என்று மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை அல்லவா?

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது தீவுகளுக்கிடையே சிறு கலங்கள் முடங்கிவிடும். கொச்சிக்குக் கப்பலில் செல்ல அமைதியான காலத்திலேயே பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிற தீவுகளில் நோயுற்றோரை ஹெலிகாப்டர்கள் அகத்திக்கோ கொச்சிக்கோ கொண்டுசேர்க்கின்றன. லேயின் கடினமான பருவம் டிசம்பர் முதல் மார்ச் வரை. அகத்திக்கு அது ஜூன் முதல் ஆகஸ்டு வரை. இரண்டு இடங்களிலும் நல்ல வானிலை ஒருசேர அமைவது செப்டம்பர் பிற்பகுதியிலும் அக்டோபரிலும்தான். தேதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளவர்கள் அந்த வாரங்களை எண்ணிப் பார்க்கலாம்.

எதிர்த்திசையில் கணக்கு சற்று மாறும். அகத்தியிலிருந்து நண்பகலை ஒட்டிக் கிளம்பினால் பிற்பகலில் கொச்சி, இரவில் டெல்லி. விடியற்காலை விமானத்தில் லே. இரவு இம்முறை டெல்லியில் கழியும், அதுவும் பெரும்பாலும் விமான நிலைய நாற்காலியில். கடிகாரப்படி இது விரைவான வழியே. ஆனால் கடல்மட்டத்தில் வாழ்ந்த உடல், ஒரே நாளுக்குள் 3,256 மீட்டர் உயரத்துக்குச் சென்றுவிடுகிறது. தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் ஆகியவை உயர நோயின் அறிகுறிகள். லேயில் இறங்கியதும் ஒன்றிரண்டு நாள்கள் முழு ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. முதியோரும் இதய, நுரையீரல் நோயுள்ளோரும் புறப்படுமுன்பே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். பணியில் சேரும் நாளையோ திருமணத்துக்குச் செல்லும் நாளையோ குறிக்கும்போது இந்த இரண்டு நாள்களையும் பயண நேரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.